ரப்பரும் தோலும்: லண்டன்ல தொங்குறது சிற்பமா, கப்பலூர் ஸ்கிராப்பா?

11 ஜனவரி 2025, கேள்வி

லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்துல மிரே லீன்னு கொரியாக்காரங்க ஒருத்தங்க பண்ணியிருக்கிற ‘ஓபன் வூண்ட்’ வீடியோ பாத்தேன். மேல ஒரு மிஷினு மெதுவா சுத்துது, குழாய்ல இருந்து கொழகொழன்னு என்னமோ ஒழுகுது, சுத்தி சங்கிலியில கிழிஞ்ச துணியாத் தொங்குது. உடம்பு, அழுகல், தொழிற்சாலைன்னு பெரிசு பெரிசா எழுதுறாங்க. மதுர புதுமண்டபத்துத் தூணப் பாத்து வளந்தவங்க நாம. இது சிற்பமா? கப்பலூர் கம்பெனி பின்வாசல்ல கெடக்குற ஸ்கிராப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? புரியிற மாதிரி யாராச்சும் சொல்லுங்க.

11 ஜனவரி, ராத்திரி, பதில்

கப்பலூர் ஸ்கிராப்புன்னு சொன்னதுக்கப்புறம் நான் வாய மூடிட்டு இருக்க முடியாது தம்பி. அங்கிட்டு ஒரு ரப்பர் கம்பெனியில 1991ல ஹெல்ப்பரா சேந்து 2019ல ஷிப்ட் சூப்பர்வைசரா வெளிய வந்தவன் நான். ஓ ரிங், புஷ், பெல்லோஸ், டயாஃப்ரம், கருப்பா வளையிறது எதுன்னாலும் அடிச்சுத் தள்ளுவோம். நீங்க சொல்ற பின்வாசல் குமியல்ல பாதி என் கையெழுத்துல ரிஜெக்ட் ஆனது.

இன்னொண்ணு. நான் அத வீடியோவுல பாக்கல, நேர்லயே பாத்தேன். போன நவம்பர்ல மக வீட்டுக்குப் போயிருந்தப்ப. உள்ள போக டிக்கெட் கெடையாது, அதனால போனேன், உண்மையச் சொல்லணும்ல.

சிற்பமா இல்லையான்னு எனக்குத் தெரியல. ஆனா மெட்டீரியல் செலக்‌ஷன் தப்பு. நாளைக்கு எழுதுறேன், கண்ணு சொருகுது.

12 ஜனவரி

மொதல்ல எடத்தச் சொல்லிர்றேன், எடம் தெரியாம இது புரியாது. அது மியூசியத்துக்குன்னு கட்டுன கட்டடம் இல்ல. பேங்க்சைடுன்னு தேம்ஸ் ஆத்தங்கரையில இருந்த கரண்டு தயாரிக்கிற ஸ்டேஷன், ஆயில் எரிச்சு ஓட்டுனது, 1981ல மூடிட்டாங்க, 2000ல மியூசியமா தொறந்தாங்க. டர்பைன் இருந்த கூடத்த அப்படியே காலியா விட்டு வருஷத்துக்கு ஒரு கலைஞர்கிட்ட குடுக்குறாங்க. 35 மீட்டர் ஒசரம். நம்ம மீனாட்சி கோயில் தெக்குக் கோபுரத்துல மூணுல ரெண்டு பங்கு ஒசரத்துக்கு ஒரே ரூமுன்னு நெனச்சுக்கங்க, நீளம் 150 மீட்டருக்கு மேல. உள்ள போனதும் எனக்கு வந்த மொத ரோசனை, இத யாரு கூட்டுறாங்க.

அங்கிட்டுக் கடைசியில சங்கிலியில ஒரு மிஷினு தொங்குது, ஏழு மீட்டர் இருக்கும். அதச் சுத்திக் குழாயா, கொடலு சரிஞ்ச மாதிரி. ரொம்ப மெதுவா சுத்துது, அந்தக் குழாய் வழியா பழுப்பும் ரோஸும் கலந்த மாதிரி ஒண்ணு சொட்டிக்கிட்டே இருக்கு. கீழ விரிச்சிருக்கிற துணி மேல விழுந்து ஊறுது. ஊறுனதத் தூக்கி ரேக்குல காயப் போட்டு, காஞ்சதும் சங்கிலியில மாட்டி மேல ஏத்திர்றாங்க. தோலுன்னே அதுக்குப் பேரு வச்சிருக்காங்க அந்தம்மா. கண்காட்சி நடக்க நடக்க தோலு கூடிக்கிட்டே வருது. ஆக அது ஒரு ஓடுற ஃபேக்டரி, புரொடக்‌ஷன் என்னன்னா தோலு.

தோல ஏன் சங்கிலியில மாட்டணும்னு போர்டுல எழுதியிருந்துச்சு, மக படிச்சுச் சொன்னா. நெலக்கரிச் சுரங்கத்துல வேல பாத்தவங்க ஷிப்ட் முடிஞ்சு குளிக்கிற எடத்துல, துணியெல்லாம் சங்கிலியில மாட்டிக் கூரைக்கு ஏத்திருவாங்களாம், காயறதுக்கும் எடம் அடைக்காம இருக்கிறதுக்கும். அதப் பாத்துத்தான் இந்த ஐடியாவாம். அதக் கேட்டதும் நான் கொஞ்சம் நின்னுட்டேன். எங்க கம்பெனியில சங்கிலி கெடையாது, ஆணிதான், ஆளுக்கு ஒரு ஆணி. கார்பன் பிளாக், அதான் ரப்பர்ல கலக்குற கரித்தூள், ஏறுன சட்டைங்க வரிசையாத் தொங்கும். ஆளு லீவு போட்டாலும் சட்டை டூட்டி பாத்துக்கிட்டு இருக்கும். மிக்ஸிங் மில்லுல நின்னவன் குளிச்சிட்டுப் போயி வெள்ளத் தலகாணியில படுத்தா காலையில மூஞ்சி அச்சு விழுந்திருக்கும். என் வீட்டுக்காரம்மா என் துணிய மத்த துணியோட சேத்துத் தொவச்சதே கெடையாது, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தனி பக்கெட்டு.

மக காப்பி குடிக்கப் போயிட்டா. நான் ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னேன். மிஷினப் பாத்துக்கிட்டு.

அப்புறம் புதுமண்டபம் பத்தி ஒரு வார்த்த. தூணப் பாத்து வளந்தோம்னு எழுதியிருக்கீங்க. பொய். டெய்லர் கடையும் பாத்திரக் கடையும்தான் பாத்து வளந்தோம். அம்மா ஜாக்கெட் தைக்கக் குடுக்குறப்ப தொங்குற துணிக்குப் பின்னாடி ஒரு கல்லு மொழங்கால் தெரியும், அம்புட்டுத்தான். கடையெல்லாம் காலி பண்ணப்புறம்தான் அது யாரு காலுன்னே தெரிஞ்சுச்சு.

13 ஜனவரி

மெட்டீரியல் தப்புன்னா என்ன அர்த்தம்னு ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க. நாளைக்கு விடியக்காலம் அவனியாபுரத்துக்குப் போகணும், மச்சான் மாடு அவுக்குறான், அதனால வெரசாச் சொல்லிர்றேன்.

ரப்பர் மரத்துப் பால் இருக்கே, அது தானாவே கெட்டுப்போற ஜாதி. மரத்துல இருந்து எறக்குனா சில மணி நேரத்துல திரிய ஆரம்பிச்சிரும், அமோனியா ஊத்தித்தான் காப்பாத்துறோம். அப்புறம் கந்தகம் சேத்து 150 டிகிரி பக்கத்துல வேக வச்சா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நல்ல ரப்பராகுது. குட்இயர் 1844ல பேட்டன்ட் வாங்குன அதே சமையல்தான், மசாலா மட்டும் கூடியிருக்கு. வெந்தாலும் அது சாகத்தான் போகுது. மொதல்ல எளகி கையில பிசுபிசுன்னு ஒட்டும், அப்புறம் எறுகி மொடமொடன்னு ஒடையும். காத்து, சூடு, வெயிலு எல்லாம் அதுக்கு எமன். அத லேட் பண்ணத்தான் ஆன்டி ஆக்சிடன்ட் போடுறோம். எங்க லேப்ல ஏஜிங் ஓவன்னு ஒரு பொட்டி உண்டு, 70 டிகிரியில 7 நாள் தொங்க விட்டு எடுத்தா பல வருஷத்து வயசு ஏறி வந்துரும். எடுத்து இழுத்துப் பாப்போம். கெழவனாயும் எம்புட்டு இழுவ தாங்குறான்னு ரிப்போர்ட் எழுதி கஸ்டமருக்கு அனுப்புவோம்.

லண்டன்ல அந்த மிஷினுக் குழாயெல்லாம் சிலிக்கான். சிலிக்கான் அப்படி இல்ல. அது மண்ணுல இருந்து வர்ற சாமான், முதுகெலும்பே வேற. 200 டிகிரியில 4 மணி நேரம் போஸ்ட் க்யூர்னு ரெண்டாவது தடவ வேக வச்சு எடுத்தாலும் குளிச்சுட்டு வந்த புள்ள மாதிரி வெளிய வரும். வெயிலு ஒண்ணும் பண்ணாது. என் பேத்தி பேத்தி காலத்துலயும் அந்தக் குழாய் அப்படியேதான் கெடக்கும்.

அழுகலக் காட்டணும்னு கெளம்பிட்டு அழுகாத சாமானக் கையில எடுக்கலாமா? ரப்பர் பால்ல பண்ணியிருந்தா அதுவே பாதி வேலயப் பாத்திருக்கும். அம்புட்டுதேன் என் கம்ப்ளைன்ட்.

17 ஜனவரி

மாடு புடிபடல. மச்சான் மூணு நாளா அந்த ஒரு நிமிஷத்தையே சொல்லிக்கிட்டிருக்கான்.

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, சங்கிலியில தொங்குற அந்த மிஷினு பழைய கரண்டு ஸ்டேஷனோட டர்பைன்தானேன்னு ஒருத்தர் கேட்டாரு, நான் ஆமான்னு சொல்லிட்டேன். தப்பு. மககிட்ட கேட்டேன், அது கண்காட்சிக்குன்னே செஞ்சது. ஒரிஜினல் டர்பைன எப்பவோ கழட்டிட்டாங்க. யோசிச்சா எனக்கே தெரிஞ்சிருக்கணும், நெஜ டர்பைன் ஏழு மீட்டர்ல அப்படித் தொங்குனா கூரை கீழ வந்துரும்.

ரெண்டு, காத்து காத்துன்னு பொதுவா சொல்லிட்டேன், ஓசோன விட்டுட்டீங்களேன்னு ஒருத்தர் புடிச்சாரு. டயர் கம்பெனி ஆளு போல. சரிதான். இழுத்த நெலமையில இருக்கிற ரப்பரத்தான் ஓசோன் கடிக்கும், இழுவைக்குக் குறுக்கால கோடு கோடா வெடிக்கும். சும்மா கெடக்குற ரப்பர் தப்பிச்சுக்கும், பாரம் தாங்கிக்கிட்டு நிக்கிறதுதான் வெடிக்கும். அவரு செம்ப விட்டுட்டாரு, நான் சேத்துக்கிறேன். செம்பு பட்டா ரப்பருக்கு வெஷம். ஒரு தடவ பித்தளை (அதுலயும் செம்புதான்) இன்சர்ட் வச்ச புஷ் ஒரு லாட்டு முழுசா திரும்பி வந்துச்சு, பொட்டியத் தொறந்தா கோந்து மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த வாரம் நான் வீட்டுல சோறு சாப்ட்டதா ஞாபகம் இல்ல.

19 ஜனவரி

“புடிக்கலன்னா ரெண்டு மணி நேரம் ஏண்ணே நின்னீங்க?”

குளுருக்கு உள்ள கதகதப்பா இருந்துச்சு.

22 ஜனவரி

சரி. அந்தப் பதில் பொய்யின்னு எனக்கே தெரியும், கேட்ட தங்கச்சிக்கும் தெரியும். எழுதிர்றேன்.

2016ல எங்கம்மா விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு. வயசு 78, ஆபரேஷன் தாங்காதுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஏழு மாசம் படுக்கையில. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டிப் போடணும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. நான் ஷிப்டு, வீட்டுக்காரம்மா ஒத்த ஆளு, எங்கம்மா ஒடம்பு கனம். ஒரு மாசத்துலயே முதுகுக்குக் கீழ செவந்துச்சு, அப்புறம் தோலு விட்டுருச்சு. படுக்கைப் புண்ணுன்னு சாதாரணமா சொல்லிர்றோம். உள்ள பள்ளமாயிரும். அதுல இருந்து ஒழுகும். அந்தக் கலரு எனக்குத் தெரியும், அதான் லண்டன்ல கீழ இருந்த துணியப் பாத்ததும் காலு நகரல.

அப்ப ஏர் பெட்டு வாங்குனோம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அது பிளாஸ்டிக் மெத்தை, வரிசையா காத்துப் பை, ஒரு சின்ன மோட்டாரு ரெண்டு குழாய் வழியா ஒரு வரிசைய ஊதி இன்னொரு வரிசைய எறக்கும், அப்படியே மாத்தி மாத்தி, ஒரே எடத்துல பாரம் விழாம இருக்கிறதுக்கு. அந்த மோட்டாரு ராப்பகலா ஓடும். ம்ம்ம்ம்னு ஒரு சத்தம். கரண்டு போனா சத்தம் நிக்கும், நான் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு உக்காந்துருவேன். ஏழு மாசம் அந்தச் சத்தம் ஓடுனா அம்மா இருக்காங்கன்னு அர்த்தம்.

அந்தக் கூடத்துல மிஷினு மெதுவா சுத்துச்சுல்ல, அது நிக்குமான்னு பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

‘ஓபன் வூண்ட்’ன்னா என்னப்பான்னு மகளக் கேட்டேன். ஆறாத புண்ணுன்னு சொல்லலாம்பான்னா. அவளுக்கும் அப்பத்தா ஞாபகம் வந்திருக்கும், ஒண்ணும் சொல்லல, காப்பி குடிச்சிட்டு வர்றேன்னு போயிட்டா.

23 ஜனவரி

நேத்து எழுதி முடிச்சுட்டு தூக்கம் வரல, மெட்டீரியல் பத்தி நான் சொன்னதுலயே ஓட்டை இருக்கு.

அம்மாவுக்கு யூரின் டியூப் போட்டிருந்துச்சு. மொதல்ல போட்டது லேட்டக்ஸ், அதான் ரப்பர் பால்ல பண்ணது, மஞ்சக் கலர்ல இருக்கும், சில வாரத்துக்கு ஒருக்க மாத்தணும். மாத்துறப்பல்லாம் அழுவாங்க. வீட்டுக்கு வந்து போன நர்ஸம்மாதான் சொன்னாங்க, சிலிக்கான் வாங்கிக் குடுங்கண்ணே, வெல கூட, ஆனா ரெண்டு மூணு மாசம் வரைக்கும் கெடக்கும்னு. ரப்பர் தொழில்ல 25 வருஷம் இருந்தவனுக்கு அந்தம்மா வந்து மெட்டீரியல் சொல்லித் தர வேண்டியிருந்துச்சு. வெக்கமாப் போச்சு.

விஷயம் என்னன்னா, அம்மா ஒடம்பு நாளுக்கு நாள் கரையுது, அந்தக் குழாய் மட்டும் போட்ட அன்னைக்கு இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு. கடைசியில கழட்டுனப்பவும் அப்படியே இருந்துச்சு.

ஆக அந்தக் கொரியாக்காரங்க சிலிக்கான் எடுத்தது தப்பு இல்ல. குழாய் அழுகக் கூடாது. ஒழுகுறதும் துணியும்தான் அழுகணும். 13ஆம் தேதி எழுதுனத வாபஸ் வாங்கிக்கிறேன். முழுசா இல்ல, பாதி. ரப்பர் பால்ல பண்ணா என்ன ஆகும்னு ஒரு ஆச இன்னும் இருக்கு.

26 ஜனவரி

மொட்டமாடியில ஒரு டெஸ்ட் போட்டிருக்கேன். சிரிக்காதீங்க, ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேல.

துணி காயப் போடுற கொடியில கிளிப் போட்டுத் தொங்க விட்டது: டாக்டரு கையில மாட்டுற லேட்டக்ஸ் கிளவுஸ் ஒண்ணு, ரப்பர் பேண்டு ரெண்டு (ஒண்ணு சும்மா, ஒண்ணு செம்புக் கம்பியில இழுத்து மாட்டி), மீன் தொட்டிக்குப் போடுற பிவிசி டியூப் ஒரு முழம், சிலிக்கான் டியூப் ஒரு முழம், பழைய ஷூவோட சோலு. கடைசியா சொன்னது பாலியூரித்தேன், வருஷக்கணக்கா பொட்டியில வச்சிருந்து ஒரு கல்யாணத்துக்கு எடுத்து மாட்டுனா மண்டபத்துலயே பொடிப்பொடியா உதுருமே, அதே சாமான்.

ஓவன் கெடையாது, மதுர வெயிலு இருக்கு. கத்திரி முடியிற வரைக்கும் தொங்கும். பக்கத்து வீட்டு அக்கா இது என்னண்ணே திருஷ்டிக்கான்னு கேட்டாங்க, ஆமான்னு சொல்லிட்டேன், வெளக்குறதுக்கு அது ஈஸி.

2 பிப்ரவரி

ரப்பர் பால்ல பண்ணா என்ன ஆகும்னு கேட்டேன்ல, ஏற்கனவே ஒருத்தங்க பண்ணிப் பாத்துட்டாங்களாம், இங்க ஒருத்தர் எழுதியிருந்தத வச்சுத் தேடிப் பாத்தேன். ஈவா ஹெஸ்ஸே. 1936ல ஜெர்மனி ஹாம்பர்க்ல ஒரு யூதக் குடும்பத்துல பொறந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவங்க. மொதல்ல பெயின்டிங்தான். 1964ல திரும்ப ஜெர்மனியில ஒரு வருஷத்துக்கு மேல தங்குறாங்க, அங்க ஓடாத ஒரு டெக்ஸ்டைல் மில்லுலதான் ஸ்டூடியோ, கீழ கெடந்த கயிறு, கம்பி, பழைய மிஷினு சாமானெல்லாம் பொறுக்கி ஒட்ட ஆரம்பிச்சுத்தான் சிற்பத்துக்கு வந்திருக்காங்க. நம்ம ஊர்ல மில்லு மூடுனா கல்யாண மண்டபம் வரும் இல்லாட்டி பிளாட் போடுவாங்க.

அப்புறம் ரப்பர் பால், ஃபைபர் கிளாஸ், பாலியெஸ்டர் ரெசின். ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’னு 1969ல பண்ணது. மெல்லிசு வலத்துணியில ரப்பர் பால் தடவி ஃபைபர் கிளாஸ் கம்பத்துல மாட்டி செவத்துல சாத்துனது, திரை மாதிரி. அப்ப அது எளசாத் தொவண்டு தொங்கியிருக்கும். நியூயார்க் கூகன்ஹைம் மியூசியத்துல இருக்கு. ரப்பர் என்ன ஆகும்னுதான் சொன்னேனே, கறுத்து எறுகி மொடமொடன்னு ஆகி பல பத்து வருஷம் வெளியவே காட்டாம உள்ள வச்சிருந்தாங்க. பழுது பாத்து 2022ல திரும்ப நிறுத்துனாங்க. இன்னும் சில ரப்பர் வேல இப்ப காட்டவே முடியாத நெலமையாம்.

எனக்கு இதுல சுருக்குன்னு தச்சது ஒண்ணு. இது நெலைக்காதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரியும். காசு குடுத்து வாங்குறவங்கள நெனச்சா குத்தவுணர்ச்சியா இருக்கு, இது நெலைக்காதுன்னு அவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதணும் போல இருக்குன்னு 1970ல ஒரு பேட்டியில சொல்லியிருக்காங்க. அதே வருஷம் மே மாசம் மூளைக் கட்டியில எறந்துட்டாங்க. 34 வயசு.

கஸ்டமருக்கு லெட்டர். நான் ஏஜிங் ரிப்போர்ட் அனுப்புனேன், அந்தம்மா மனசுக்குள்ள அனுப்பியிருக்காங்க. வித்தியாசம் என்னன்னா, என் ரிப்போர்ட்ல எப்பவும் பாஸ்னு போட்டிருக்கும்.

3 பிப்ரவரி

பழுது பாத்தது சரியான்னு கேக்குறீங்க. எனக்குச் சரியாத் தோணல. செத்த ரப்பருக்கு உயிரு குடுக்க ஒரு சாமானும் கெடையாது, தாங்கல் குடுத்து நிறுத்தலாம், அம்புட்டுத்தான். விட்டுற வேண்டியதுதான்.

(சாயங்காலம்) அம்மாவுக்கு அப்படி விட்டியான்னு வீட்டுக்காரம்மா கேட்டா. பதில் சொல்லல.

9 பிப்ரவரி

நேத்து மேலூர் பக்கம் சொந்தக்காரங்க ஊருக்குப் போனேன். வர்ற வழியில அய்யனார் கோயில்ல நின்னோம். சின்ன வயசுல பாத்த எடம். இந்த இழை ஆரம்பிச்சதுல இருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு, அதான் வண்டிய நிறுத்தச் சொன்னேன்.

புரவி எடுப்பு தெரியாத வெளியூர்க்காரங்களுக்கு: ஊரு கூடி முடிவு பண்ணி வேளார்கிட்ட, அதான் மண்பாண்டம் செய்யிறவர்கிட்ட, பிடிமண் குடுப்பாங்க, ஒரு கைப்பிடி மண்ணு, அதுதான் ஆர்டர், அதுதான் அட்வான்ஸ். அவரு மண்ணுல குருதைய, அதான் குதிரைய, வனஞ்சு சூளையில சுட்டு வச்சிருப்பாரு. திருவிழா அன்னைக்கு ஊரே தோள்ல தூக்கிட்டுப் போயி கோயில்ல எறக்கிட்டு வந்துரும். எறக்குனதோட சரி. அப்புறம் யாரும் தொடைக்க மாட்டாங்க, கலர் அடிக்க மாட்டாங்க. மழையில நனையும், காது போகும், வாலு போகும், வயித்துக்குள்ள வேப்பஞ்செடி மொளைக்கும். அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும், பழசுக்குப் பக்கத்துலயே நிறுத்துவாங்க. பழச நகத்துறது கூட இல்ல. நாலஞ்சு தலைமொற குருதைங்க ஒரே மரத்தடியில, முன்னாடி நிக்கிறது முழுசா, பின்னாடி போகப் போக காலு மட்டும், அதுக்கும் பின்னாடி ஓடு. சின்னப் புள்ளையில நாங்க அந்த ஓட்டுல சில்லு வெளையாண்டிருக்கோம். அது சாமி குருதையோட விலான்னு யாரும் அடிக்கல.

மூணாந்தேதி விட்டுற வேண்டியதுதான்னு எழுதுனேன்ல, இது தலைக்குள்ள இருந்துதான் எழுதியிருக்கேன்.

நேத்து போனா முன் வரிசையில நிக்கிறது சிமெண்டு குருதை. உள்ள முறுக்குக் கம்பி, மேல எனாமல் பெயின்டு, பல்லெல்லாம் வெள்ள வெளேர்னு. இனிமே எடுக்க வேண்டியதில்ல, நிரந்தரமா ஒரே செலவா முடிச்சாச்சுன்னு பூசாரி சொன்னாரு. நான் கிட்டப் போயிப் பாத்தேன். முன்னங்காலு மூட்டுல விரிசல். உள்ள தண்ணி எறங்கி கம்பி துருப்புடிச்சிருக்கு, இரும்பு துருவானா ஊதும், ஊதுனா மேல இருக்கிற சிமெண்ட வெடிக்க வச்சுத் தள்ளிரும். தோலு விட்டு எலும்பு தெரியிற மாதிரி கம்பி தெரியுது, பழுப்பா ஒரு கறை கீழ வரைக்கும் ஒழுகியிருக்கு.

கை வச்சுப் பாத்தேன். இது எத்தன வருஷம் தாங்கும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சூப்பர்வைசர் புத்தி. சொல்லல. மண்ணு குருதை உதுந்தா மண்ணாப் போயிரும், இது நின்னுக்கிட்டே புண்ணு வைக்கும்.

10 பிப்ரவரி

வேளார் குடும்பத்துத் தம்பி ஒருத்தர் எழுதியிருக்காரு, சிமெண்டு வந்ததுக்கு ஊர்க்காரங்களக் குத்தம் சொல்லாதீங்கண்ணே, களிமண் எடுக்கக் கண்மாயில விட மாட்டேங்கிறாங்க, சூளைக்கு வெறகு வெல, அந்தப் பெரிய குருதைய வனையத் தெரிஞ்ச ஆளும் கொறஞ்சு போச்சுன்னு. சரிதான் தம்பி, நான் மரத்தடியில நின்னு வேடிக்க பாத்தவன், நீங்க சேறு மிதிச்சவங்க.

கீழடி போனவங்க யாராச்சும் கொந்தகைத் தாழிங்களப் பாத்தீங்களா? செத்தவங்க எலும்ப வச்சுப் பொதச்ச பானை. எலும்பு பொடியாப் போன எடத்துல கூட பானை நிக்குது. மண்ணு சீக்கிரம் போயிரும்னு நேத்து எழுதுனேன், நல்லாச் சுட்டு உள்ள பொதச்சுட்டா ஆளத் தாண்டி நிக்கும். குழாய்க் கதைதான். இதையும் திருத்திக்கிறேன். இந்த இழையில நான் எழுதுனதுல திருத்தாதது என் பேரு மட்டுந்தான் போல.

16 மார்ச்

லண்டன் கண்காட்சிக்கு இன்னையோட கடைசி. மக சாயங்காலம் போயி நின்னு ஒரு வீடியோ அனுப்புனா. நவம்பர்ல பாத்ததுக்கு இப்ப தோலு நெறைய. கூட்டமும் நெறைய. கொழந்தைங்க கீழ படுத்துக்கிட்டு மேல பாக்குதுங்க.

மோட்டார எப்ப நிறுத்துவாங்கன்னு கேட்டேன். தெரியலப்பான்னா. நின்னப்புறம் வீடியோ அனுப்பாதன்னு சொன்னேன்.

கேள்வி போட்ட தம்பிக்கு: சிற்பமான்னு கேட்டீங்க, ரெண்டு மாசமா நான் அதத் தவிர எல்லாத்தையும் எழுதிட்டேன். சிற்பம்தான் தம்பி. ஏன்னு கேட்டா ஒழுங்கா சொல்ல வராது. ஸ்கிராப் குமியல்கிட்ட நான் 28 வருஷம் நின்னிருக்கேன், ஒரு நாளும் எங்கம்மா ஞாபகம் வந்ததில்ல.

30 ஏப்ரல்

கொடி ரிப்போர்ட். கேட்டுக்கிட்டே இருக்கீங்க.

செம்புக் கம்பியில மாட்டுன ரப்பர் பேண்டு மொதல் ஆளாப் போச்சு. மார்ச் கடைசியிலயே கம்பியோட ஒட்டி கூழாகி அறுந்துருச்சு. சும்மா தொங்குனது இன்னும் தொங்குது, ஆனா தொட்டா பிசுக்கு. கிளவுஸ் மஞ்சளாகி வெரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிச்சா கிழியுது. கொஞ்ச தூரத்துல இருந்து பாத்தா கைதான், வேற ஒண்ணும் இல்ல, ஒரு கைய யாரோ காயப் போட்ட மாதிரி. மழைக்குத் துணி எடுக்கப் போன மருமக அதப் பாத்துட்டு பாதித் துணிய விட்டுட்டு எறங்கி வந்துட்டா.

பிவிசி டியூப் மஞ்சளாகி எறுகிப் போச்சு, வளச்சா வளஞ்சபடியே நிக்குது. ஷூ சோலு உதுந்து கீழ கறுப்புப் பொடி. சிலிக்கான் மேல தூசி. தொடச்சா புதுசு.

பிவிசிய பாத்ததும் பரண்ல கெடக்குற ஏர் பெட்டு ஞாபகம் வந்து எறக்குனேன். எட்டு வருஷத்துக்கு மேல மடிச்சு வச்சது. பிளாஸ்டிக்க எளக்கமா வச்சிருக்கிற எண்ண கசிஞ்சு வெளிய வந்து மடிப்பெல்லாம் ஒட்டிக்கிச்சு, பிரிக்கிறப்ப தோல உரிக்கிற மாதிரி சத்தம். மோட்டாரு பொட்டி தனியா இருந்துச்சு. பிளக்குல சொருகிப் பாத்தேன்.

ஓடுது.

வீட்டுக்காரம்மா அடுப்படியில இருந்து என்னங்க அது சத்தம்னு ஓடி வந்துட்டா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்னோம். அவதான் ஸ்விட்ச ஆஃப் பண்ணா.

29 மே

கத்திரி நேத்தோட முடிஞ்சுச்சு. இன்னைக்குக் கொடிய எறக்கிரலாம்னு மேல போனா சிலிக்கான் டியூப்பக் காணோம். கிளிப் மட்டும் இருக்கு. காக்கா தூக்கிருச்சோன்னு பாத்தா, கீழ வாட்டர் ஃபில்டர்ல கழிவுத் தண்ணி போற குழாய் ரொம்ப நாளா ஒழுகிக்கிட்டு இருந்துச்சுல்ல, அதக் கழட்டிப் போட்டுட்டு இத மாட்டியிருக்கா வீட்டுக்காரம்மா. சும்மா வெயில்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு, நல்ல சாமானாத்தான தெரிஞ்சுச்சுங்கிறா.

இப்ப ஒழுகல.